லேசர் செய்த கண்ணும் அழுத்தக் கணக்கும்

சென்ற மாதம் என் தம்பி மகன் கண் பரிசோதனைக்குப் போய்வந்து, "பெரியப்பா, பிரஷர் 15தான், நார்மல்" என்றான். கல்யாணத்துக்கு முன் லாசிக் செய்துகொண்டு, மைனஸ் 6 கண்ணாடியைக் கழற்றிப் போட்டவன். "லாசிக் செய்ததை டாக்டரிடம் சொன்னாயா?" என்று கேட்டேன். சொல்லவில்லை. எங்கள் அப்பாவுக்குக் கிளாக்கோமாவால் பார்வை பாதி போயிற்று. குடும்பத்தில் தொடரக்கூடிய நோய் அது. எனக்குக் கவலை வந்துவிட்டது.

கண்ணின் முன்னால் உள்ள தெளிவான படலம்தான் கார்னியா. நடுவில் அதன் கனம் சுமார் 540 மைக்ரான். அரை மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். லாசிக்கில் முதலில் சுமார் 110 மைக்ரான் கனத்தில் ஒரு மூடியை அறுத்துத் திறக்கிறார்கள். பிறகு லேசர், பவர் ஒன்றுக்கு 12 முதல் 15 மைக்ரான் வீதம் அடியில் செதுக்குகிறது. மைனஸ் 6க்கு 80 மைக்ரான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடியைத் திரும்பப் பொருத்தினாலும் அது பழையபடி பாரம் தாங்குவதில்லை. மிச்சமுள்ள 350 மைக்ரான்தான் உழைக்கிறது.

ரயில் சக்கரம் தேய்ந்தால் லேத்தில் கடைவோம். கடையக் கடைய விட்டம் குறையும். ஓர் அளவுக்குக் கீழே போனால் கழித்துவிட வேண்டியதுதான். கார்னியாவுக்கும் எல்லை உண்டு: மூடிக்கு அடியில் 250 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும் என்பார்கள். அதற்கும் கீழே போனாலோ, முன்பே பலவீனமான கார்னியாவாக இருந்தாலோ, அது மெல்ல முன்னால் பிதுங்கக்கூடும். அதனால்தான் கனமும் வளைவும் பார்க்காமல் நல்ல டாக்டர் லேசரைத் தொடமாட்டார். சக்கரத்துக்கு ஸ்டோரில் மாற்று உண்டு. கார்னியாவுக்கு யாராவது கண்தானம் செய்திருக்க வேண்டும்.

இனி அழுத்தம். 10 முதல் 21 வரை இயல்பு என்பது பொதுக் கணக்கு. கோல்ட்மன் கருவி, கார்னியாவை 3.06 மில்லிமீட்டர் விட்டத்துக்குத் தட்டையாக்க எவ்வளவு விசை வேண்டும் என்று பார்க்கிறது. சாதாரணக் கனத்துக்கென வகுத்த கணக்கு அது. மெலிந்த கார்னியா சுலபமாக அமுங்கும். கருவி குறைத்துக் காட்டும். உள்ளே அழுத்தம் அப்படியேதான் இருக்கிறது, அளவுதான் ஏமாற்றுகிறது. எவ்வளவு குறையும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒரே எண்ணைக் கூட்டிச் சரிசெய்ய முடியாது. ஆகவே பார்வை நரம்பையும் பக்கப் பார்வையையும் சோதித்தாக வேண்டும்.

அவனை மறுபடி அனுப்பினேன். கனம் 455. நரம்பு நன்றாக இருக்கிறதாம். வருஷா வருஷம் வரச் சொன்னார் டாக்டர். அறுவைக்கு முன்பிருந்த கனம், பவர், அழுத்தம் எழுதிய காகிதங்களையும் கேட்டார். பிற்காலத்தில் புரை வந்து லென்ஸ் வைக்கும்போதும் அவை உதவுமாம். மாற்றலில் மூன்று ஊர் மாறிய குடும்பம். பரண் மேலிருக்கும் டிரங்குப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கித் தேடிக்கொண்டிருக்கிறான்.