அடுத்த ஏப்ரலுக்குள் என்ன கற்றுக்கொள்ளப் போகிறான்?

பக்கத்து வீட்டுப் பையன் மூன்றாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்புக்குப் போகிறான். எதிர்வீட்டுப் பெண் ப்ளஸ் டூ. அவர்களுக்கு இந்த வருடம் எங்கே ஆரம்பித்து எங்கே முடியும் என்பது தெருவுக்கே தெரியும். பாடப் புத்தகம் இருக்கிறது, பரீட்சை இருக்கிறது, ராங்க் கார்டு இருக்கிறது.

சிறப்புப் பள்ளிக்குப் போகிற உங்கள் பிள்ளைக்கு?

இப்படிக் கேட்டால் நம் பெற்றோரில் பலர் சொல்லும் பதில் இதுதான்: "என்னத்தச் சொல்றது... போறான், வர்றான். முன்ன மாதிரி அழறதில்ல. அதுவே பெரிசு!"

முதல் வருடத்தில் அது பெரிசுதான், சந்தேகமில்லை. ஆறாவது வருடமும் அதே பதில் என்றால்? மாற்றுத்திறனாளிகளுக்கான 2016-ம் ஆண்டு உரிமைச் சட்டம், 40 சதவிகிதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை தந்திருக்கிறது. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது உங்கள் விருப்பம். கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்தமே 12 ஜூன் மாதங்கள். உங்கள் வீட்டில் அதில் எத்தனை போயிற்று, எத்தனை பாக்கி?

அதனால்தான், பள்ளி திறந்த முதல் மாதத்திலேயே இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள் என்கிறோம். என் பிள்ளைக்கு இந்த வருட இலக்கு என்ன? உங்கள் பள்ளிக்கு இந்த வருட இலக்கு என்ன?

'பழக்குதல்' என்று எழுதினால் போதுமா?

முதல் கேள்வியைக் கேட்டதும் சில பள்ளிகளில் ஒரு ஃபைலை எடுத்துக் காட்டுவார்கள். "தன் வேலைகளைத் தானே செய்யப் பழக்குதல்", "சமூகத்தோடு பழக வைத்தல்", "எண்ணறிவை வளர்த்தல்" என்று அழகாக எழுதியிருக்கும். அடுத்த ஏப்ரலில் இது நடந்ததா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது? டீச்சர் "நல்ல இம்ப்ரூவ்மென்ட் மேடம்" என்பார். நீங்களும் தலையாட்டிவிட்டு வருவீர்கள்.

இலக்கு என்றால் கண்ணுக்குத் தெரிய வேண்டும், எண்ணிப் பார்க்க முடிய வேண்டும். "மதியச் சாப்பாட்டில் யாரும் கையைப் பிடிக்காமல், ஸ்பூனால் எடுத்து, வாரத்தில் ஐந்து நாளுக்கு நாலு நாள் பாதித் தட்டாவது தானே சாப்பிடுவாள்" என்பது இலக்கு. இது நடந்ததா இல்லையா என்று உங்கள் வீட்டுப் பாட்டிகூடச் சொல்லிவிடுவார்!

எங்கே போக வேண்டும் என்று தீர்மானிக்கும் முன்னால், இப்போது எங்கே நிற்கிறோம் என்று தெரிய வேண்டும் அல்லவா? இதற்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். 1975-லேயே நம் சென்னையில் ஜெயச்சந்திரன், விமலா இருவரும் 'மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம்' என்ற பட்டியலை உருவாக்கினார்கள். சாப்பிடுவது, உடுத்துவது, கழிப்பறைப் பழக்கம், பேச்சு, பணம், நேரம், வீட்டு வேலை, பொழுதுபோக்கு, தொழில் என்று 18 பிரிவுகள். ஒவ்வொன்றிலும் 20 செயல்கள், ஆக 360. எளிதிலிருந்து கடினத்துக்குப் படிப்படியாகப் போகும். பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்துக் குறித்தால், அடுத்த படி எது என்பது தானாகவே தெரிந்துவிடும். செகந்திராபாத்தில் உள்ள தேசிய நிறுவனம் தயாரித்த எஃப்.ஏ.சி.பி. என்ற பட்டியலும் இப்படிப்பட்டதுதான். அதில் ஒரு நிலையில் உள்ளவற்றில் 80 சதவிகிதம் வந்துவிட்டால் பிள்ளையை அடுத்த நிலைக்கு அனுப்பலாம். உங்கள் பள்ளியில் எந்தப் பட்டியல் என்று கேளுங்கள். ஜூன் மாதம் நிரப்பியதில் ஒரு ஜெராக்ஸ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எதை முதலில் எடுப்பது? இங்கேதான் வீட்டுக்கும் பள்ளிக்கும் இழுபறி. "அ, ஆ எழுதணும் மேடம்" என்பார் அப்பா. "முதல்ல பாத்ரூம் போகச் சொல்லக் கத்துக்கட்டும் ஸார்" என்பார் டீச்சர். நம் ஓட்டு டீச்சருக்குத்தான். பெயரை எழுதத் தெரியாவிட்டால் கைநாட்டு வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம். பதினைந்து வயதில் கால் கழுவ இன்னொருவர் வேண்டும் என்றால், அந்தப் பிள்ளையின் பாதுகாப்பே அடுத்தவர் கையில் போய்விடுகிறது. பெண் குழந்தை என்றால் இன்னொன்றும் உண்டு. பத்து வயது நெருங்கும்போதே, மாதவிலக்கு வருவதற்கு முன்பே, நாப்கினை உள்ளாடையில் ஒட்டுவது, கொஞ்ச நேரம் போட்டிருந்து பழகுவது, கழற்றிக் காகிதத்தில் சுருட்டிக் குப்பையில் போடுவது என்று அந்த வருட இலக்கிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பிள்ளையும் மிரளும், நீங்களும் தவிப்பீர்கள்.

கடைசிப் படியிலிருந்து...

டிராயர் போடத் தெரியாத பையன் என்று வைத்துக்கொள்வோம். 'டிராயர் போடுவது' என்பது நமக்கு ஒரு வேலை. அவனுக்கு ஏழெட்டு வேலை. முன்பக்கம் எது என்று பார்க்க வேண்டும், இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், ஒரு காலை நுழைக்க வேண்டும், மறு காலை நுழைக்க வேண்டும், முழங்கால் வரை இழுக்க வேண்டும், எழுந்து நிற்க வேண்டும், இடுப்புக்கு ஏற்ற வேண்டும். அனுபவமுள்ள சிறப்பாசிரியர்கள் பல சமயம் இதைத் தலைகீழாகச் சொல்லித் தருவார்கள். முழங்காலுக்கு மேல் வரை அவரே போட்டுவிடுவார். இடுப்புக்கு ஏற்றுகிற கடைசி இழுப்பு மட்டும் பையனுடையது. இழுத்தான், வேலை முடிந்தது, பாராட்டும் கிடைத்தது! அது நன்றாகப் படிந்ததும் அதற்கு முந்தைய படி. எங்கே நிறுத்தினாலும் 'நான் முடித்தேன்' என்ற சந்தோஷம் பிள்ளைக்குத்தான்.

வீட்டில் நாம் செய்வது என்ன? ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கிறது. அவசரத்தில் நாமே மாட்டிவிடுகிறோம். பள்ளியில் ஒரு வழி, வீட்டில் ஒரு வழி என்றால் வருட இலக்கு ஏட்டோடு நின்றுவிடும். காலையில் முடியாவிட்டால் போகட்டும், சாயங்காலம் ஒரு தடவையாவது அதே முறையில் செய்யுங்கள்.

போன வருட இலக்கே இந்த வருடமும்!

பிள்ளைக்குப் பிள்ளை தனியாக இப்படித் திட்டம் எழுத வேண்டும் என்று அமெரிக்கா 1975-ல் சட்டமே போட்டது. 'தனிநபர் கல்வித் திட்டம்' அல்லது ஐ.இ.பி. என்று நம் பள்ளிகளிலும் சொல்கிறார்களே, அதுதான். அந்த நாட்டிலேயே இது எப்படிக் கெட்டுப்போகும் என்பதற்கு ஒரு வழக்கு உண்டு. கொலராடோ மாநிலத்தில், ஆட்டிஸம் உள்ள ஒரு சிறுவன். ஈயைக் கண்டால் பயம், தரையில் ஏதாவது கொட்டினால் பயம், பொதுக் கழிப்பறை என்றால் பயம். நான்காம் வகுப்பு வரை அவனுடைய திட்டத்தில் வருடா வருடம் ஏறக்குறைய அதே இலக்குகள்தான். பெற்றோர் பொறுத்துப் பார்த்து அவனை வேறு தனியார் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே நன்றாகவே முன்னேறினான். "அந்தச் செலவைத் தாருங்கள்" என்று பள்ளி நிர்வாகத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். கொஞ்சமாவது பலன் கிடைத்தால் போதும் என்று கீழ்க் கோர்ட்டுகள் கைவிரித்துவிட்டன. 2017 மார்ச்சில் அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக அதை மாற்றினார்கள். பெயருக்கு ஏதோ முன்னேற்றம் என்பது போதாது, அந்தப் பிள்ளையின் நிலைக்கு ஏற்றபடி, கொஞ்சம் எட்டிப் பிடிக்கும் உயரத்தில் இலக்கு இருக்க வேண்டும் என்றார்கள்.

அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அந்தப் பெற்றோர் செய்ததை நாமும் செய்யலாம். போன வருடத்துத் தாளையும் இந்த வருடத்துத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேதி மட்டும்தான் மாறியிருக்கிறதா?

ஓர் இலக்கு எட்டவில்லை என்பது பிள்ளையின் குற்றமல்ல. பல சமயம் படி உயரமாகிவிட்டிருக்கும், அதை இரண்டாக உடைக்க வேண்டும். சொல்லித்தரும் முறையை மாற்ற வேண்டியிருக்கலாம். உடம்பிலும் காரணம் இருக்கும். காது சரியாகக் கேட்கிறதா, கண்ணாடி வேண்டுமா, பல் வலிக்கிறதா, வலிப்பு மாத்திரையால் வகுப்பில் தூங்கி வழிகிறதா என்று டாக்டரிடம் காட்டுங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைக்குத் தைராய்டு குறைபாடு வர வாய்ப்பு அதிகம். வருடம் ஒரு முறை ரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. "மந்தமாயிட்டான்" என்று நாம் நினைப்பது சில சமயம் தைராய்டாக இருக்கும்.

பள்ளிக்கும் ஒரு தாள் உண்டா?

இரண்டாவது கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. கேட்டால் "இந்த வருஷம் பில்டிங்குக்குப் பெயின்ட் அடிக்கிறோம், ஆண்டு விழாவை கிராண்டா பண்றோம்" என்று பதில் வரலாம். தலைமை விருந்தினர், சால்வை, குரூப் டான்ஸ்... எல்லாம் இருக்கட்டும். மேடையில் ஆடிய பிள்ளைக்குத் தன் சட்டைப் பட்டனைப் போடத் தெரியுமா?

பள்ளியின் வருட இலக்கும் பிள்ளைகளின் தாள்களிலிருந்துதான் வர வேண்டும். உதாரணத்துக்கு, 40 பிள்ளைகள் படிக்கும் பள்ளி. எல்லாத் தாள்களையும் கூட்டிப் பார்த்தால் தனியாகக் கழிப்பறை போகிறவர்கள் 15 பேர்தான். அடுத்த ஏப்ரலில் இது 22 ஆக வேண்டும் என்று நிர்வாகம் முடிவு செய்கிறது. உடனே பாருங்கள், வேலைகள் வரிசையில் வந்து நிற்கும். பிடித்து எழச் சுவரில் கம்பி வேண்டும். குழாய் பிள்ளைக்கு எட்டுகிறதா? சக்கர நாற்காலி உள்ளே நுழைகிறதா? இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அழைத்துப் போக ஆயா இருக்கிறாரா? அந்த ஆயாவுக்கு 'நீங்களே கழுவிவிடாதீர்கள்' என்று யாராவது சொல்லிக்கொடுத்தார்களா? பெயின்டா, கம்பியா என்ற பணத் தகராறுக்கும் அந்தத் தாளே பதில் சொல்லிவிடும்.

ஒரு ஆபத்தும் இருக்கிறது. எண்ணிக்கை என்று வந்துவிட்டால், சீக்கிரம் கற்கிற பிள்ளைகளிடமே எல்லோர் கவனமும் போய்விடும். மூலையில் தலை தொங்கிக் கிடக்கிற பிள்ளை கணக்கிலேயே வராது. அந்தப் பிள்ளைக்கும் இலக்கு உண்டு. சாப்பிடும்போது நிமிர்ந்து உட்கார்ந்து, புரையேறாமல் விழுங்குவது. பாலா, ஜூஸா என்று இரண்டைக் காட்டினால் வேண்டியதைக் கண்ணால் காட்டுவது. முதுகிலும் இடுப்பிலும் புண் வராமல் நேரத்துக்கு நேரம் திருப்பிப் படுக்க வைப்பது என்பது பிள்ளையின் இலக்கல்ல, பள்ளியின் கடமை. அதையும் தாளில் ஏற்றச் சொல்லுங்கள். பள்ளியின் திறமையை அளக்க நினைத்தால், மிகவும் கஷ்டமான பிள்ளைக்கு என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தாலே போதும்.

"இதெல்லாம் கேட்டா கோவிச்சுக்க மாட்டாங்களா?" என்று தயங்காதீர்கள். அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிலையங்களில் படிக்கும் ஒவ்வொரு மாற்றுத்திறனாளி மாணவரின் பங்கேற்பையும் கற்றல் முன்னேற்றத்தையும் கண்காணிக்க வேண்டும் என்று அதே 2016 சட்டத்தின் 16-வது பிரிவு அரசுக்கும் உள்ளாட்சிகளுக்கும் சொல்கிறது. சண்டை போடவும் வேண்டாம். குறைந்த சம்பளத்தில், கை கால் வலியோடு உழைக்கிற டீச்சர்கள் ஏராளம். "நான் வீட்ல என்ன செய்யணும், சொல்லுங்க டீச்சர்" என்று ஆரம்பியுங்கள்.

வருடக் கடைசி வரை காத்திருக்கவும் வேண்டாம். செப்டம்பர், டிசம்பர், மார்ச் என்று மூன்று தடவை தாளை எடுத்து வைத்துப் பேச வேண்டும். அந்த மூன்று தேதிகளையும் இந்த வாரமே கேட்டு வாங்கி, வீட்டு காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள். அன்றைக்கு அம்மா மட்டும் போனால் போதாது, அப்பாவும் லீவு போட்டுவிட்டு வர வேண்டும்.