ஈ ஓட்டாதீங்க... ஈ கட்டுங்க!

லீவுல ஈ ஓட்டுற ஆளா நீங்க? ட்ரவுட் மீனுக்கு ஈ கட்டிப் பாருங்களேன்! தண்ணிக்குள்ள முங்குற இந்தப் போலிப் பூச்சிக்குப் பேரு 'வெட் ஃப்ளை'.

14-ம் நம்பர் தூண்டில் முள், பிரவுன் பட்டு நூல், கறுப்புக் கோழியோட குட்டிக் கழுத்து இறகு... மேட்டர் ஓவர்! முள் தண்டுல நூலைச் சுத்துங்க. முன்பக்கம் இறகைக் கட்டி, ரெண்டே சுத்து. முடிச்சுப் போடுங்க.

ஆர்வக்கோளாறுல இறகை அள்ளி அப்பாதீங்க. அடர்த்தியா இருந்தா அசையாது. மெல்லிசான இழைகள் துடிச்சாதான் மீன் உயிருள்ள பூச்சின்னு நம்பும். ஸ்காட்லாந்தின் டபிள்யூ.சி.ஸ்டூவர்ட் 1857-லயே புத்தகம் எழுதிச் சொன்ன சூட்சுமம் இது!

ஊட்டி பக்கம் அவலாஞ்சியில 1907-லயே ட்ரவுட் குஞ்சு பொரிப்பகம் வந்தாச்சு. மீன்வளத் துறையில அனுமதி கேட்டுட்டு அப்புறம் தூண்டிலைத் தூக்குங்க!