கல்லீரலுக்குள் ஒரு கிர்க்காஃப் விதி

கிர்க்காஃப் விதி ஞாபகம் இருக்கா? ஒரு சந்திப்புக்குள்ள வர்ற மின்னோட்டமும் அங்கிருந்து வெளியே போற மின்னோட்டமும் சமம். அவ்ளோதான். அதே கணக்கை வெச்சு கல்லீரல் நோயை ஆராயுறாங்கன்னு சொன்னா நம்புவீங்களா?

கல்லீரல் செல்லை ஒரு பெரிய சர்க்யூட்டா நினைச்சுக்கோங்க. குளுக்கோஸ், அமினோ அமிலம், கொழுப்பு அமிலம் எல்லாம் சந்திப்புகள். ஒன்றை இன்னொன்றாக மாற்றும் வேதிவினைகள்தான் கம்பிகள். பொருளுக்கு ஒரு நிரை, வினைக்கு ஒரு நிரல் என்று ஓர் அணி எழுதலாம். எந்தப் பொருளும் தேங்கவும் இல்லை, தீரவும் இல்லை என்று வைத்துக்கொண்டால், அந்த அணியை வினை வேகங்களின் வெக்டரால் பெருக்கும்போது பூஜ்ஜியம் வரும்.

சிக்கல் என்னன்னா, சமன்பாடுகளை விட மாறிகள் அதிகம். எண்ணற்ற விடைகள் வரும். அதனால ஒவ்வொரு வினைக்கும் மேல் வரம்பு, கீழ் வரம்பு போட்டு, நம்ம லீனியர் புரோகிராமிங்கை வெச்சு தீர்க்கணும்.

இதனால என்ன பயன்? 2014இல் ஸ்வீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆதில் மர்தினோக்லு, யென்ஸ் நீல்சன் குழுவினர் 2,322 ஜீன்களும் 7,930 வினைகளும் கொண்ட கல்லீரல் செல் மாடலை வெளியிட்டார்கள். மது குடிக்காமலேயே வரும் கொழுப்புக் கல்லீரல் நோய் உள்ளவர்களின் ஜீன் தரவை அதன்மேல் பொருத்திப் பார்த்தபோது, செரைன் என்ற அமினோ அமிலத்துக்குப் பற்றாக்குறை இருப்பது தெரிந்தது. செல்லைக் காக்கும் குளுட்டாதயோன் தயாராக செரைன் தேவை.

கணக்கு சொன்னது உண்மையா? 2017இல் அதே ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், கல்லீரலில் கொழுப்பு அதிகமிருந்த ஆறு பேருக்கு 14 நாட்கள், தினமும் சுமார் 20 கிராம் செரைன் கொடுத்தார்கள். கொழுப்பு குறைந்தது.

உடனே செரைன் பவுடர் ஆர்டர் பண்ணிடாதீங்க! ஆறு பேர், இரண்டே வாரம், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை. இதை மருந்து என்று சொல்ல முடியாது. மாடல் தருவது தீர்ப்பு அல்ல, எங்கே தேட வேண்டும் என்ற துப்பு. ஆயிரக்கணக்கான வினைகளில் எதை முதலில் சோதிப்பது என்று தெரிவதே பெரிய விஷயம்தானே?

முயற்சி செய்ய ஆசையா? மேட்லாபில் கோப்ரா டூல்பாக்ஸ், பைத்தானில் கோப்ராபை, இரண்டையும் இலவசமா டவுன்லோடு பண்ணலாம். பயாலஜி பிடிக்காதுன்னு ஓடி வந்தவங்களும் அணியைத் திறந்து பாருங்க. பழகின கணக்குதான்!