‘பாசிட்டிவ்’ என்றால் புற்றுநோயா?

ஒரு சொல் ஒரு வீட்டின் உறக்கத்தையே கெடுத்துவிடும். பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்த தாளில் ‘எச்.பி.வி. - பாசிட்டிவ்’ என்று அச்சிட்டிருக்கிறது. அதைப் படித்த பெண்ணின் மனத்தில் எழும் முதல் கேள்வி, “எனக்குப் புற்றுநோயா?” அடுத்த கேள்வி, “இது எப்படி வந்தது? வெளியே தெரிந்தால் என்ன நினைப்பார்கள்?” சிலர் அந்தத் தாளை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டு, மறுபடி மருத்துவமனைப் பக்கமே போவதில்லை. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

இது பெரியவர்கள் விஷயம், நமக்கு எதற்கு என்று நீங்கள் எண்ணலாம். உங்கள் அம்மாவுக்கோ, அத்தைக்கோ, அக்காவுக்கோ இப்படி ஒரு தாள் ஒருநாள் வரக்கூடும். அதைச் சரியாகப் படித்துப் பொருள் சொல்ல வீட்டில் ஒருவர் வேண்டாமா? பள்ளியில் நீங்கள் படிக்கும் உயிரியலும், இயற்பியலும், கொஞ்சம் கணக்கும் இதற்குப் போதும்.

எண் பெற்ற வைரஸ்கள்

எச்.பி.வி. என்பது ‘ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்’ என்பதன் சுருக்கம். பாப்பிலோமா என்றால் மரு போன்ற சிறு வளர்ச்சி. இந்த வைரஸில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பெயருக்குப் பதிலாக ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். கைகால்களில் தோன்றும் சாதாரண மருக்களுக்குக் காரணம் இவற்றுள் சில. 6, 11 என்னும் வகைகள் பிறப்புறுப்புப் பகுதியில் மருக்களை உண்டாக்குகின்றன. ஏறத்தாழ 14 வகைகள் மட்டுமே புற்றுநோய்க்கு வழிவகுக்கக் கூடியவை. அவற்றிலும் 16, 18 ஆகிய இரண்டும்தான் கருப்பை வாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 சதவீதத்திற்குக் காரணம். கருப்பையின் கீழ்ப்பகுதி குறுகிய கழுத்துப் போன்றிருக்கும். அதையே கருப்பை வாய் என்கிறோம்.

இந்த வைரஸின் விட்டம் சுமார் 55 நானோமீட்டர். 18,000 வைரஸ்களை ஒன்றையொன்று தொடும்படி வரிசையாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும். கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளமோ 400 முதல் 700 நானோமீட்டர் வரை. தன் அலைநீளத்தைவிட இவ்வளவு சிறிய பொருளைச் சாதாரண நுண்ணோக்கியால் காட்ட முடியாது. ஆகவே பரிசோதனைக் கூடத்தில் வைரஸைத் தேடுவதில்லை, அதன் டி.என்.ஏ.வைத் தேடுகிறார்கள். கருப்பை வாயிலிருந்து சிறு தூரிகையால் சில செல்களை எடுத்து, அவற்றில் அந்த டி.என்.ஏ. இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பல சோதனைகளில் அந்த டி.என்.ஏ.வின் ஒரு பகுதியை ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பெருக்குகிறார்கள். இப்படி 30 முறை இரட்டித்தால் ஒரு பிரதி 107 கோடிப் பிரதிகள் ஆகிவிடும்! கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இதைச் செய்தால் கிடைக்கும் விடை ஒன்றே ஒன்றுதான்: இன்ன வகை வைரஸின் டி.என்.ஏ. இங்கே இருக்கிறது, அல்லது இல்லை. ‘பாசிட்டிவ்’ என்பது ‘இருக்கிறது’ என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. அது புற்றுநோய்ச் சோதனையின் முடிவே அன்று.

பிரேக்கைக் கழற்றும் வேலை

புற்றுநோய்க்கும் இந்த வைரஸுக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்தவர் ஹரால்ட் சுர் ஹௌசன் என்னும் ஜெர்மன் விஞ்ஞானி. 1970களில் பலரும் வேறொரு வைரஸின் மேல் சந்தேகம் கொண்டிருந்தபோது இவர் மருவின் வைரஸைத் தேடினார். 1983இல் 16ஆம் வகையையும், 1984இல் 18ஆம் வகையையும் கருப்பை வாய்ப் புற்றுத் திசுக்களில் இவருடைய குழு கண்டுபிடித்தது. 2008இல் இவருக்கு மருத்துவத்திற்கான நோபல் பரிசு கிடைத்தது.

நம் செல்கள் கட்டுமீறிப் பெருகாமல் தடுக்கும் புரதங்கள் உடலிலேயே இருக்கின்றன. வண்டிக்குப் பிரேக் போன்றவை அவை. ஆபத்தான எச்.பி.வி. வகைகள் இ6, இ7 என்னும் இரண்டு புரதங்களை உற்பத்தி செய்து அந்தப் பிரேக்குகளைச் செயலிழக்கச் செய்கின்றன. பிரேக் இல்லாத வண்டி உடனே மோதிவிடுமா? பள்ளத்தில் இறங்கி, வேகம் பிடித்து, பிறகுதானே மோதும்? செல்களும் அப்படித்தான். முதலில் அவற்றின் உருவம் சற்று மாறுகிறது. பிறகு மாற்றம் முற்றுகிறது. அதன் பின்னரே அது புற்றுநோய் ஆகிறது. இயல்பான நோய் எதிர்ப்பு ஆற்றல் உள்ள பெண்ணுக்கு இதற்கு 15 முதல் 20 ஆண்டுகள் வரை பிடிக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. எச்.ஐ.வி. போன்றவற்றால் எதிர்ப்பு ஆற்றல் குறைந்தவர்களுக்கு 5 முதல் 10 ஆண்டுகளிலேயே வரலாம். இந்த நீண்ட இடைவெளிதான் மருத்துவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு.

ஆயிரம் பெண்களின் கணக்கு

மகாராஷ்டிரத்தில், அப்போது உஸ்மானாபாத் என்றும் இப்போது தாராசிவ் என்றும் வழங்கும் மாவட்டத்தில் 1999இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. 30 முதல் 59 வயது வரையுள்ள 1,31,746 கிராமப் பெண்கள் அதில் இடம்பெற்றார்கள். ஒரு பிரிவினருக்கு எச்.பி.வி. சோதனை செய்தார்கள். அதன் முடிவை ஆயிரம் பெண்களுக்கு என்று சுருக்கிச் சொல்கிறேன்.

ஆயிரம் பேரில் சுமார் 100 பேருக்கு ‘பாசிட்டிவ்’ வந்தது. மேற்கொண்டு பரிசோதித்தபோது, முற்றிய செல் மாற்றம் ஏறத்தாழ 9 பேருக்கு இருந்தது. அதாவது, ‘பாசிட்டிவ்’ என்று சொல்லப்பட்ட ஒவ்வொரு 100 பேரிலும் 90 பேருக்கு மேல் அத்தகைய மாற்றம் எதுவும் இல்லை. ‘நெகட்டிவ்’ என்று வந்தவர்களிலோ அடுத்த 8 ஆண்டுகளில் ஒருவர்கூடக் கருப்பை வாய்ப் புற்றுநோயால் இறக்கவில்லை. ஒரே ஒரு முறை இச்சோதனை செய்ததன் பயனாக, சோதனை செய்யாத பிரிவினரோடு ஒப்பிடும்போது சாவு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது.

ஆகவே அந்தத் தாளைக் கையில் வைத்திருக்கும் பெண், பெரும்பாலும் நோயில்லாத 90க்கும் மேற்பட்டவர்களில் ஒருத்தி. ஆனால் அந்த 9 பேரில் ஒருத்தியா என்பது அடுத்த சோதனைக்குப் போனால்தான் தெரியும். அச்சம் தேவையில்லை என்பதும், அசட்டை கூடாது என்பதும் இந்த ஒரே கணக்கிலிருந்து வருபவை.

கதிரியக்கத்தோடு ஓர் ஒப்பீடு

புதிதாகத் தொற்றும் எச்.பி.வி.யில் சுமார் 90 சதவீதம் இரண்டு ஆண்டுகளுக்குள் உடலின் எதிர்ப்பு ஆற்றலாலேயே அடங்கிவிடுகிறது. மருந்து எதுவும் தேவையில்லை. கதிரியக்கப் பொருளின் அணுக்கள் மெல்லமெல்லச் சிதைந்து குறைவதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். மொத்தத்தில் எத்தனை சிதையும் என்று சொல்லலாம். குறிப்பிட்ட ஓர் அணு எப்போது சிதையும் என்று சொல்ல முடியாது. இங்கும் ஏறக்குறைய அதே நிலைதான்.

ஆனால் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. அணுவுக்கு வயது கிடையாது. நூறு ஆண்டுகள் சிதையாதிருந்த அணுவும் நாளை சிதைவதற்கான வாய்ப்பு முன்போலவே இருக்கும். வைரஸ் அப்படியன்று. எவ்வளவு காலம் தங்கிவிட்டதோ, அந்த அளவுக்கு அது தானே போவதற்கான வாய்ப்பு குறைகிறது. ஆகவேதான் மருத்துவர் “ஓராண்டு கழித்து மறுபடி வாருங்கள்” என்கிறார். இன்று இருக்கிறதா என்பதைவிட, இன்னமும் இருக்கிறதா என்பதே பெரிய கேள்வி.

பச்சை ஒளியும் வினிகரும்

அடுத்த சோதனை என்றதும் பயப்பட வேண்டாம். 3 முதல் 5 சதவீத அசெட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவுகிறார்கள். வினிகரில் உள்ள அமிலம்தான் அது. மாறிய செல்கள் ஒரு நிமிட அளவில் வெண்மையாகத் தெரியும். கால்போஸ்கோப் என்னும் கருவியால் இதை உருப்பெருக்கிப் பார்க்கலாம். அதில் பச்சை வடிகட்டி ஒன்று இருக்கும். சிவந்த இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சிவிடுவதால் இரத்த நாளங்கள் கறுப்புக் கோடுகளாகத் தெளிவாகத் தெரியும். நாளங்களின் அமைப்பு பிறழ்ந்திருந்தால் அந்த இடத்திலிருந்து சிறிது திசு எடுத்துச் சோதிப்பார்கள்.

மாற்றம் இருந்தால் அதைப் போக்கும் வழியும் எளியதே. அழுத்தத்தில் அடைத்த நைட்ரஸ் ஆக்சைடு அல்லது கார்பன்-டை-ஆக்சைடு சிறு துளை வழியே விரியும்போது குளிர்கிறது. இது ஜூல்-தாம்சன் விளைவு. இப்படி மைனஸ் 50 டிகிரி செல்சியசுக்கும் கீழே குளிர்ந்த உலோக முனையை 3 நிமிடம் வைத்து, 5 நிமிடம் உருகவிட்டு, மறுபடி 3 நிமிடம் வைத்தால் கெட்ட செல்கள் உறைந்து மடிகின்றன. சுமார் 100 டிகிரி வெப்பமுள்ள முனையை ஒரு நிமிடத்துக்கும் குறைவாக வைப்பது இன்னொரு முறை.

இவற்றால் உண்மையில் பயன் உண்டா? திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு 2000இல் ஓர் ஆய்வு தொடங்கியது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் கிராமப் பெண்களுக்கு இந்த அமிலச் சோதனையைச் செய்து, தேவைப்பட்டவர்களுக்கு உறைவுச் சிகிச்சையும் கொடுத்தார்கள். சோதனைக்கு அழைக்கப்பட்ட கிராமங்களில், மற்றக் கிராமங்களைவிட இப்புற்றுநோயால் நேரும் சாவு 35 சதவீதம் குறைந்ததாக 2007இல் முடிவு வெளிவந்தது.

யார் மேல் குற்றம்?

இந்த வைரஸ் பெரும்பாலும் உடலுறவின்போது தோலோடு தோல் படுவதால் பரவுகிறது. மணவாழ்வில் உள்ள ஆண், பெண் இருபாலரிலும் பெரும்பான்மையோருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் இது தொற்றிவிடுகிறது. ஆணுக்கு வழக்கமாகச் செய்யும் சோதனை இல்லாததால் பழி பெண்ணின் மேலேயே விழுகிறது. தொற்று பல ஆண்டுகள் அடங்கிக் கிடந்து பிறகு தென்படுவதும் உண்டு. ஆகவே ‘பாசிட்டிவ்’ என்ற விடையைக் கொண்டு, எப்போது வந்தது, யாரால் வந்தது என்று எந்த விஞ்ஞானியாலும் சொல்ல இயலாது. தேதியே இல்லாத ஓர் அளவீட்டை வைத்துக்கொண்டு மனைவியைக் கணவனோ, கணவனை மனைவியோ சந்தேகிப்பது அறிவுக்குப் பொருந்தாது. மரு வந்தவரை யாராவது ஒழுக்கம் கெட்டவர் என்பார்களா?

தட்டு, டம்ளர் ஆகியவற்றைப் பொதுவாகப் பயன்படுத்துவதால் கருப்பை வாய்த் தொற்று பரவுவதில்லை. சேர்ந்து உண்பதாலும், கட்டி அணைப்பதாலும் பரவுவதில்லை. அவளைத் தனியே ஒதுக்கி வைக்க ஒரு காரணமும் கிடையாது. தொற்று இருப்பதாலேயே குழந்தைப் பேறு தடைப்படுவதும் இல்லை.

அந்தப் பெண் செய்ய வேண்டியவை நான்கு. முதலாவது, மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுதல்: எந்த வகை வைரஸ்? செல்களில் மாற்றம் உண்டா? அடுத்த சோதனை எந்தத் தேதியில்? இரண்டாவது, அந்தத் தேதியைத் தவறவிடாமை. மூன்றாவது, புகைபிடிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுதல். அது வைரஸுக்குத் துணைபோகிறது. நான்காவது, நம்பிக்கையான ஒருவரிடம் மனம்விட்டுப் பேசுதல். வைரஸைக் கொல்லும் மருந்து என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தை இழக்க வேண்டாம். அத்தகைய மருந்து இன்னும் இல்லை.

உங்கள் பங்கு

1991இல் ஆஸ்திரேலியாவில் இயான் பிரேசர், ஜியான் சோ ஆகிய இருவரும் இவ்வைரஸின் மேலுறையை மட்டும் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிக் காட்டினார்கள். உள்ளே டி.என்.ஏ. இல்லாத வெற்றுக் கூடு! அதனால் நோய் உண்டாக்க முடியாது. ஆனால் உடலுக்கு எதிரியை அடையாளம் காட்டும். இந்த அடிப்படையில் அமைந்த தடுப்பூசி 2006இல் புழக்கத்துக்கு வந்தது. நம் நாட்டிலேயே உருவான ‘செர்வாவாக்’ 2022இல் அனுமதி பெற்றது. தொற்று ஏற்படும் முன்பே போடுவதுதான் பயன் மிகுதி என்பதால் 9 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு இது முதலில் பரிந்துரைக்கப்படுகிறது. பல நாடுகளில் சிறுவர்களுக்கும் போடுகிறார்கள். ஏற்கெனவே உள்ள தொற்றை இது போக்காது. ஊசி போட்டுக்கொண்டவர்களும் பிற்காலத்தில் சோதனை செய்துகொள்ளத்தான் வேண்டும்.

2022இல் மட்டும் இந்தியாவில் சுமார் 1,27,000 பெண்களுக்குப் புதிதாக இப்புற்றுநோய் கண்டது. ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். உரிய காலத்தில் சோதனை செய்திருந்தால் இவர்களில் பெரும்பாலோர் பிழைத்திருப்பார்கள். நம் ஊர் ஆரம்பச் சுகாதார நிலையங்களில் 30 வயதைக் கடந்த பெண்களுக்கு அமிலச் சோதனை செய்கிறார்கள். இன்று மாலை வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம், “நீங்கள் சோதனை செய்துகொண்டீர்களா?” என்று கேளுங்கள். இல்லை என்றால், கூடவே போய் வாருங்கள்.