அந்தப் பத்து ரூபாய் எதற்கு? டாஸ்மாக்கில் வாங்குபவருக்கு ஒரு விளக்கம்

தமிழ்நாட்டில் பாட்டிலை வாங்கி வீட்டுக்கு எடுத்துப்போக ஒரே இடம்தான் உண்டு: டாஸ்மாக் கடை. தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் என்ற அரசு நிறுவனத்தின் சுருக்கப் பெயர் அது. நட்சத்திர ஓட்டல்களிலும் கிளப்புகளிலும் மது உண்டு. ஆனால் அங்கே உட்கார்ந்து குடிக்கலாம், வாங்கிக்கொண்டு வர முடியாது.

எப்போதும் இப்படித்தானா? இல்லை. 1983-ல் இந்தக் கழகத்தைத் தொடங்கியது மொத்த வியாபாரத்துக்காக. சில்லறைக் கடைகளைத் தனியார் ஏலம் எடுத்து நடத்தினார்கள். 2003 நவம்பர் 29 முதல் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கு வந்தது.

கடை அரசுடையது என்றால் ஏன் இவ்வளவு தொல்லை என்று கேட்பீர்கள். இந்தக் கடைகள் இயங்குவதே 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தின் கீழ்தான். விற்கக் கூடாது என்று சொல்லும் சட்டத்தில், விற்கலாம் என்று ஒரு விலக்கைச் செருகி வைத்திருக்கிறார்கள். ஆகவே நேரம், இடம், வயது, நாள் என்று எல்லாவற்றிலும் ஒரு முட்டுக்கட்டை இருக்கும். அவை வேண்டுமென்றே வைத்தவை. அவற்றோடு வாதாடிப் பயனில்லை. கூடுதல் விலை, பில் தராதது, சில்லறை இல்லை என்பது போன்றவை வேறு ரகம். எந்த விதியிலும் இல்லாத தொல்லைகள் அவை. அங்கே நீங்கள் வாய் திறக்கலாம். எது எந்த ரகம் என்று தெரிந்துகொள்வதில்தான் விஷயம் இருக்கிறது.

கடை எப்போது திறக்கும்? பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும். 2016 வரை காலை 10 மணிக்கே திறந்தார்கள். அந்த ஆண்டு மே மாதம் இரண்டு மணி நேரம் குறைந்தது. பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போய் நிற்காதீர்கள். கடைசி அரை மணி நேரம்தான் நெரிசல் அதிகம். அந்தத் தள்ளுமுள்ளில் பில்லும் மீதிச் சில்லறையும் கேட்டு வாங்குவது நடக்காத காரியம்.

எந்தெந்த நாள் விடுமுறை? பலரும் ஏமாறும் இடம் இது. தீபாவளிக்குக் கடை உண்டு. பொங்கலன்றும் உண்டு. ஆனால் மறுநாள், மாட்டுப் பொங்கலன்று, திருவள்ளுவர் தினம் என்பதால் கிடையாது. வீட்டில் கறி வேகும் நாளில் கடை மூடியிருப்பதால் முந்தின நாள் மாலை வரிசை தெருவரை நீளும்.

மற்ற நாள்கள்: குடியரசு தினம், தைப்பூசத்தை ஒட்டிய வள்ளலார் நினைவு நாள், மகாவீரர் ஜெயந்தி, மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, மீலாது நபி. இவற்றில் நான்கு நாள்களுக்குத் தேதி மாறாது. மகாவீரர் ஜெயந்தியும் வள்ளலார் நாளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். மீலாது நபி பிறை பார்த்து முடிவாவதால் கடைசி நேரத்தில்கூட ஒரு நாள் தள்ளிப்போகலாம். விசேஷம் வைத்திருப்பவர்கள் காலண்டரை நம்பாமல் கடையில் கேட்டுவிடுவது நல்லது.

தேர்தல் வந்தால்? வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் விற்பனை இல்லை. இது நாடு முழுவதற்குமான சட்டம். வாக்கு எண்ணும் நாளிலும் மூடுவார்கள். பக்கத்து மாநிலத்தில் தேர்தல் என்றால் எல்லையோரக் கடைகளையும் மூடச் சொல்வதுண்டு. இவை தவிர, ஊர்த் திருவிழா, தலைவர் குருபூஜை என்று மாவட்ட ஆட்சியர் தம் அதிகாரத்தில் சில கடைகளை மூடச் சொல்லலாம். இது உங்கள் ஊருக்கு மட்டும் பொருந்தும். அடுத்த வட்டத்தில் கடை திறந்தே இருக்கும்.

வயது எவ்வளவு ஆகியிருக்க வேண்டும்? 21. பதினெட்டில் வாக்களிக்கலாம், வண்டி ஓட்டலாம், ஆனால் பீர் வாங்க முடியாது. உருவத்தில் சின்னப்பிள்ளை மாதிரித் தெரிபவர் என்றால் வயதைக் காட்டும் ஏதாவது ஓர் அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்காக ஒரு சிறுவனைக் கடைக்கு அனுப்பாதீர்கள். தருபவருக்கும் வம்பு, அனுப்பிய உங்களுக்கும் வம்பு.

பெண்கள் வாங்கலாமா? தாராளமாக. தடுக்கும் விதி எதுவும் இல்லை. ஆனால் கம்பிவலைக்கு முன்னால் முண்டியடிக்கும் ஆண்கள் கூட்டத்தில், நூறு கண்கள் பார்க்கும்போது, கையை நீட்டி வாங்குவது எளிதல்ல. இதற்கு ஒரே மாற்று 'எலைட்' கடை. நகரங்களில், பெரும்பாலும் மால்களில், குளிரூட்டிய அறையில் நீங்களே அலமாரியிலிருந்து எடுத்து, பணம் கட்டி வரலாம். அங்கே விலை உயர்ந்த ரகங்களும் வெளிநாட்டுப் பாட்டில்களும்தான் இருக்கும், குவாட்டர் (180 மி.லி. பாட்டில்) வாங்கப் போகிறவருக்கு அது இடமல்ல. சிறிய ஊர்க்காரர்களுக்கு இந்த வசதியும் இல்லை.

வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்களா? மாட்டார்கள். தமிழ்நாட்டில் மது வீட்டு விநியோகம் கிடையாது. 'ஆன்லைனில் ஆர்டர் எடுக்கிறோம், முன்பணம் அனுப்புங்கள்' என்று கைப்பேசியில் ஏதாவது வந்தால் அது மோசடி. பணம் போனது போனதுதான். போலீஸில் சொல்லவும் கூசுவீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

கடை ஏன் ஊருக்கு வெளியே, வயல்காட்டில் இருக்கிறது? இரண்டு காரணங்கள். ஒன்று, மாநில விதிகளின்படி பள்ளி, கோயில் போன்ற இடங்களிலிருந்து மாநகராட்சி, நகராட்சிப் பகுதியில் 50 மீட்டரும் மற்ற இடங்களில் 100 மீட்டரும் தள்ளி இருக்க வேண்டும். இன்னொன்று, தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15-ல் தந்த தீர்ப்பு: தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது. சிறிய ஊர்களுக்கு அது பிறகு 220 மீட்டரானது. நகராட்சி எல்லைக்குள் இந்தத் தடை பொருந்தாது என்று 2017 ஜூலையில் விளக்கமும் வந்தது.

குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதைத் தடுக்கத்தான் அந்தத் தீர்ப்பு. நடந்தது என்ன? சாலையிலிருந்து எடுத்த கடைகள் குடியிருப்புகளை நோக்கி நகர்ந்தன. பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் 2017 ஏப்ரலில் போராடியவர்கள் மீது போலீஸ் தடியடி நடத்தியதை நாடே பார்த்தது. எங்கேயும் இடம் கிடைக்காத கடைகள்தான் விளக்கில்லாத மண்பாதையின் கடைசியில் நிற்கின்றன. இரவில் பணத்தோடு தனியாக அங்கே போகாதீர்கள், மாலையிலேயே வாங்கிவிடுங்கள்.

இனி பத்து ரூபாய்க் கதைக்கு வருவோம். இன்று கடையில் உங்களிடம் கேட்கப்படுவது ஒரு பத்து ரூபாய் அல்ல, இரண்டு. ஒன்று சட்டப்படியானது, மற்றது இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருகிற சண்டைதான் அதிகம்.

சட்டப்படியான பத்து ரூபாய் காலிப் பாட்டிலுக்கான முன்பணம். நீலகிரியில் காடுகளில் வீசப்பட்ட பாட்டில் சில்லுகள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்று சென்னை உயர் நீதிமன்றம் கவலைப்பட்டதால் 2022 மே மாதம் அங்கே இந்தத் திட்டம் தொடங்கியது. பிறகு ஒவ்வொரு மாவட்டமாக விரிந்தது. பாட்டிலில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, விலையோடு பத்து ரூபாய் சேர்த்து வாங்குவார்கள். காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் பத்து ரூபாய் உங்களுக்கு வந்துவிடும்.

அது எளிதாகக் கிடைக்குமா? ஸ்டிக்கர் கிழியாமல், பாட்டில் உடையாமல் இருந்தால் கிடைக்கும். வாங்கிய கடையிலேயே கொடுப்பது வம்பில்லாதது. கூட்டம் இல்லாத பகல் நேரத்தில் நாலைந்து பாட்டிலாகச் சேர்த்துக் கொண்டுபோங்கள். பாரில் குடித்துவிட்டுப் பாட்டிலை மேசையிலேயே வைத்துவிட்டு வந்தால் உங்கள் பத்து ரூபாய் அதைப் பொறுக்குகிறவருக்குப் போய்விடும். காலிப் பாட்டிலைச் சேர்த்து வைக்க வெட்கப்படும் நடுத்தர வீடுகள் தாமாக இழக்கும் பணம் இது. அந்த வெட்கத்துக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறோம் என்று கணக்குப் போட்டால் சிலர் மனம் மாறுவார்கள்.

சட்டப்படி அல்லாத இன்னொரு பத்து ரூபாய், விற்பனையாளர் தாமாகக் கேட்பது. பாட்டிலின் மேல் அச்சிட்ட விலை என்னவோ அதற்கு மேல் வாங்க யாருக்கும் உரிமை இல்லை. மாநிலம் முழுக்க ஒரே விலைதான். இப்படி வாங்கியவர்களைக் கழகமே தற்காலிகப் பணிநீக்கம் செய்திருக்கிறது. பணியாளர்கள் தரப்பில் சொல்வதையும் கேட்டுவிடுங்கள்: உடையும் பாட்டில், இறக்குகூலி, பீரைக் குளிர வைக்கும் பெட்டிக்கான மின்கட்டணம் எல்லாம் தங்கள் தலையில் விழுகின்றன, தொகுப்பூதியத்தில் அதைத் தாங்க முடியாது என்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. 2023-24-ல் ரூ.45,000 கோடிக்கு மேல் வருவாய் தந்த துறை, உடைந்த பாட்டிலின் செலவை விற்பனையாளர் பையிலிருந்து எடுப்பது நியாயமே இல்லை. ஆனால் அந்த அநியாயத்துக்கு நீங்கள் ஈடுகட்ட வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

கூடுதலாகக் கேட்டால் என்ன செய்வது? முதலில் பில் கேளுங்கள். ஸ்கேன் செய்து பில் போடும் கருவிகள் இப்போது கடைகளுக்கு வந்துவிட்டன. 'மிஷின் ரிப்பேர்' என்ற பதில் வந்தால் விலைப்பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள், அது கடையில் இருந்தாக வேண்டும். கைப்பேசியில் பணம் அனுப்பினால் இன்னும் நல்லது: எவ்வளவு தந்தீர்கள் என்பதற்குச் சாட்சி உங்கள் கையில். அதனாலேயே சில இடங்களில் ரொக்கம்தான் என்று பிடிவாதம் பிடிப்பார்கள்.

புகார் கொடுக்க வேண்டுமானால் கடையின் பெயரைத் தேடாதீர்கள். டாஸ்மாக் கடைக்குப் பெயர் இல்லை, எண் மட்டும்தான், பலகையில் எழுதியிருக்கும். அந்த எண், நாள், நேரம், பாட்டிலின் பெயர், வாங்கிய தொகை இவற்றைக் குறித்து டாஸ்மாக் மாவட்ட மேலாளருக்கு எழுதுங்கள். கடை முன்னால் சத்தம் போடுவதால் ஒன்றும் ஆகாது. பின்னால் நிற்பவரே உங்களைத் திட்டுவார்.

கேட்ட பிராண்டு ஏன் கிடைப்பதில்லை? எந்தக் கடைக்கு எது வர வேண்டும் என்பது கிடங்கில் முடிவாகிறது, உங்கள் நாக்கில் இல்லை. பிராந்தி என்றால் தேர்வு அதிகம், தமிழ்நாட்டில் ஓடுவது அதுதான். குளிர்ந்த பீர் கோடையில் மாலைக்குள் தீர்ந்துவிடும். கள் கேட்காதீர்கள், 1987 முதல் இங்கே கள்ளுக்குத் தடை. இருப்பதை வாங்கும்போது மூடியின் மேல் ஒட்டிய முத்திரைச்சீட்டு (மினுமினுக்கும் அரசு அடையாளம்) கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விடுமுறை நாளில் 'பிளாக்'கில் வாங்கலாமா? பெட்டிக்கடைப் பின்புறத்தில் இரட்டை விலைக்குக் கிடைக்கும் பாட்டிலைச் சொல்கிறேன். விற்பது குற்றம் என்பது இருக்கட்டும். உள்ளே இருப்பது என்ன என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் (சாராயம் போலவே தெரியும் விஷத் திரவம்) கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒருநாள் பொறுத்துக்கொள்வது மேல்.

புதுச்சேரியில் விலை குறைவாயிற்றே, அங்கே வாங்கி வரலாமா என்பது அடுத்த கேள்வி. சோதனைச் சாவடியில் பிடிபட்டால் பாட்டிலோடு வண்டியும் போகும். மதுவிலக்கு வழக்கில் பறிமுதலான வண்டிகள் ஏலத்துக்கு வருவது வாடிக்கை. மிச்சம் பிடிக்கும் சில நூறு ரூபாய்க்கு ஒரு பைக்கைப் பணயம் வைக்க வேண்டுமா என்று யோசியுங்கள். வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வருபவர் நிலை வேறு. ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை தீர்வையின்றி அனுமதி உண்டு. ராணுவ கேன்டீன் பாட்டில் கேன்டீன் அட்டை வைத்திருப்பவரின் உபயோகத்துக்கு மட்டும். அதைக் காசு கொடுத்து வாங்கினால் இருவரும் மாட்டுவீர்கள்.

வாங்கியதை எங்கே குடிப்பது? கடைவாசலிலோ சாலையோரத்திலோ ஆற்றங்கரையிலோ கூடாது. பொது இடத்தில் குடிப்பது குற்றம். பக்கத்தில் இருக்கும் பார் டாஸ்மாக் நடத்துவதல்ல, டெண்டர் எடுத்த தனியார் நடத்துவது. அங்கே கப், தண்ணீர், சுண்டல் எல்லாவற்றுக்கும் அவர் சொல்வதுதான் விலை. வீடுதான் மலிவு. வண்டியில் போயிருந்தால், குடிக்காமல் வீட்டுக்கு வந்துவிடுங்கள். 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் முதல் முறைக்கே ரூ.10,000 அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, சில வேளை இரண்டும். இரவு பத்து மணிக்குக் கடை மூடும்போது அந்தச் சாலையின் திருப்பத்தில் போலீஸ் நிற்கும். அவர்களுக்கும் கடை நேரம் தெரியும்.