கல் என்னும் சொல்

சில மாதங்களுக்கு முன் ஏழாம் வகுப்புச் சரித்திர விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தோம். "கற்காலம் என்பது யாது?" என்ற வினாவுக்கு ஒரு மாணாக்கன், "மனிதர் கற்றுக்கொண்ட காலம்" என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் ஒரு கோடிழுத்துப் பூஜ்யம் போட்டோம்.

பையன் மாமல்லபுரத்துக் கற்சிற்பி ஒருவரின் மகன். மறுநாள் மாலை தகப்பனாரே நம்மைத் தேடி வந்தார். தலைமயிரெல்லாம் வெண்தூசி. "ஐயா, இவனுக்குப் படிப்பு வராதென்றால் சொல்லிவிடுங்கள். உளியைக் கையில் கொடுத்துப் பட்டறையிலே உட்கார்த்திவிடுகிறேன்" என்றார். யோசித்து நாளைக்குச் சொல்வதாகக் கூறி அவரை அனுப்பினோம்.

அன்றிரவு அகராதியைப் புரட்டினோம். சென்னைச் சர்வகலாசாலை 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் 'கல்' என்னும் சிறு சொல் எத்தனை வேஷம் போடுகிறது! பாறையும் கல், மலையும் கல், இரத்தினமும் கல், போரில் மாண்ட வீரனுக்கு நட்டதும் கல். பலர் கூடி எழுப்பும் ஆரவாரத்துக்கும் 'கல்' என்பதே ஒலிக்குறிப்பு. ஏவல் வினையாக நின்றால், 'படி' என்று பொருள். 'கல்லுதல்' என்றாலோ தோண்டுதல்.

வீட்டிலும் கடைத்தெருவிலும் கேட்டால் கதை இன்னும் நீளும். தட்டான் 'கல் வைத்த தோடு' என்பான். வைத்தியர் 'கல்லடைப்பு' என்பார். சமையலறையில் அம்மிக்கல், ஆட்டுக்கல் இருக்க, இரும்பினால் செய்ததும் தோசைக்கல்லாகவே இருக்கிறது. தராசில் வைக்கும் இரும்புத் துண்டும் எடைக்கல்தான். பொருள் மாறினாலும் சொல் தன் பழைய உறவை விடுவதில்லை.

சில வேளைகளில் சொல் நம்மை ஏமாற்றுவதும் உண்டு. செங்கற்பட்டு என்றதும் செங்கற் சூளை நினைவுக்கு வருகிறது. ஆனால் அவ்வூரின் பழம்பெயர் செங்கழுநீர்ப்பட்டு என்பர். செங்கழுநீர் நீரில் மலரும் பூ. கல்லைக் கண்ட கண்ணுக்குப் பூ மறைந்துபோயிற்று.

தமிழர் இச்சங்கடத்தை அறியாதவர் அல்லர். நிகண்டுகளில் ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைச் சொல்லவே தனித் தொகுதி வகுத்தனர். மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டில் அது பதினோராவது தொகுதி. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் 'பதினோராம் நிகண்டு' என்று அதைத் தனியே மனப்பாடம் செய்ததுண்டு.

நிற்க. பையன் எழுதிய விடைக்கு வருவோம். கல்+தூண் கற்றூண் ஆகிறது. கல் என்னும் வினை, கற்றான் என்றாகிறது. புணர்ச்சியில் இரண்டும் ஒரே முகம் காட்டும்போது பன்னிரண்டு வயதுப் பிள்ளை மயங்கியதில் வியப்பென்ன? ஆனால் அது வெறும் மயக்கந்தானா?

1863-ஆம் ஆண்டு இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியல் அறிஞர் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியொன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழங்கற்கால ஆராய்ச்சிக்கு அதுவே வித்து. அந்தப் பல்லாவரம் இன்று, 2019-இல் புதிதாக அமைந்த செங்கற்பட்டு மாவட்டத்திலேயே இருக்கிறது. எந்தக் கல் உடையும், எப்படி அடித்தால் கூர்மை வரும் என்று மனிதன் கையால் கற்றான். ஆதலால் கற்காலம் கற்ற காலமும் ஆகும் அல்லவா?

மாமல்லபுரத்து ஐந்து ரதங்களைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து வந்தார்கள். அடிப்பாகம் முற்றுப்பெறாத இடங்களே அதற்குச் சாட்சி. அங்கே கல்லும் கல்லுதலும் கற்றலும் ஒரே வேலையாக நடந்தன. கட்டுமானக் கோயிலான கடற்கரைக் கோயில் அதற்குப் பின் வந்தது. 1984-இல் இச்சின்னங்கள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. 1957-இல் அவ்வூரிலே சிற்பக் கல்விக்கென அரசினர் நிலையம் தொடங்கியபோது, இரு 'கல்'லும் மறுபடி ஒரு கூரையின் கீழ் வந்தன. கைத்தொழில் வழியே கல்வி என்று 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் வற்புறுத்தியதும் இதைத்தானே?

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். கைவேலையைப் புகழ்ந்து பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துவது தர்மம் ஆகாது. இன்று கல்லை இயந்திரத்தால் அறுக்கிறார்கள். அதில் எழும் நுண்தூசி நாளடைவில் நுரையீரலைக் கெட்டியாக்கி 'சிலிகோசிஸ்' என்னும் நோயைத் தரும். போன நுரையீரல் திரும்பாது. நீர் தெளித்து அறுப்பதும், தக்க முகக்கவசம் அணிவதும் உயிர் காக்கும். இதைப் படித்தறியவும், கூலி ஒப்பந்தத்தைப் பார்த்துக் கையெழுத்திடவும் சிற்பிக்கு எழுத்து வேண்டும். கல் அறிந்தவன் கல்லாதவனாக இருக்கலாகாது.

மறுநாள் தகப்பனாரிடம், "படிப்பு வராத பிள்ளை இல்லை. நிறுத்தாதீர்கள். மாலையில் உளி பழகட்டும்; இயந்திரம் ஓடும் பக்கம் மட்டும் விடவேண்டாம்" என்றோம். அவர் சற்று நேரம் தயங்கி நின்றார். பிறகு, "நீங்கள் சொன்னால் சரி, ஐயா" என்றார்.

பூஜ்யத்தை நாம் மாற்றவில்லை. சரித்திரத்தில் அச்சொல்லுக்கு உரிய பொருளை அவன் அறியத்தான் வேண்டும். ஆனால் அடுத்த பாட வேளையை அவனிடமே கொடுத்தோம். இரண்டு கற்களைக் கொண்டுவந்து சுத்தியலால் தட்டினான். சிற்ப நூலார் ஒலியைக் கொண்டு கல்லை ஆண், பெண், அலி என மூன்றாகப் பிரிப்பதை விளக்கினான். கணீரென்று ஒலித்தது ஒன்று. மங்கி ஒலித்தது மற்றொன்று. வகுப்பு முழுவதும் மௌனமாகக் கேட்டது. இருபது ஆண்டுகளாகக் 'கல்' என்று பிறருக்குச் சொல்லிவந்த நாம், கடைசி வரிசைப் பலகையில் உட்கார்ந்து கற்றோம்.