அறுபது கோல், எட்டுப் பவுண்டு

1927-28 பருவத்தில் எவர்ட்டன் கிளப்பின் சென்டர் ஃபார்வர்டு டிக்சி டீன், இங்கிலாந்தின் முதல் டிவிஷன் கால்பந்து லீக்கில் 39 ஆட்டங்களில் 60 கோல் போட்டார். வயது 21. அந்த லீக்கின் உச்சத் தட்டில் அதற்குப் பிறகு யாரும் அந்த எண்ணைத் தொடவில்லை. அது எப்படி நடந்தது, அதற்கு அவருக்கு என்ன கிடைத்தது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தக் காலத்து ஆட்டக்காரரின் பிழைப்பு புரியும்.

எப்படி நடந்தது என்பதற்கு முதலில் ஆஃப்சைடு சட்டம். அவசரமில்லை, டீ ஆறட்டும். மேஜையின் இந்த ஓரம் கோல் கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தை ஒட்டியிருக்கும் சர்க்கரை டப்பா கோல்கீப்பர். அதற்கு முன்னால் இரண்டு பிஸ்கட், அவைதான் இரண்டு பேக், அதாவது தற்காப்பு ஆட்டக்காரர்கள். உங்கள் டம்ளர் கோல் போட வருகிற ஆள். சக ஆட்டக்காரர் அவருக்குப் பந்தை முன்னால் தள்ளிவிடும் கணத்தில், டம்ளருக்கும் மேஜை ஓரத்துக்கும் இடையே எதிரணியார் மூன்று பேராவது இருக்க வேண்டும் என்பதுதான் 1925 வரை சட்டம். இப்போது ஒரு பிஸ்கட்டை மட்டும் டம்ளரைத் தாண்டி நடு மேஜைப் பக்கம் தள்ளுங்கள். டம்ளருக்கும் ஓரத்துக்கும் இடையே மிச்சம் இருப்பது ஒரு பிஸ்கட்டும் டப்பாவும்தான். விசில், ஆஃப்சைடு! ஒரே ஒரு பேக் நாலு எட்டு முன்னேறினால் பொறி தயார். அது தப்பினாலும் இன்னொருவர் பின்னால் காவலுக்கு நிற்கிறார். நியூகாசிலின் பில் மெக்ராக்கன் இதில் பழம் தின்று கொட்டை போட்டவர். ஆட்டம் நடு மைதானத்திலேயே முட்டி மோதி நின்றுபோகும். காசு கொடுத்து வந்த ஜனங்கள் கொட்டாவி விட்டார்கள்.

1925 கோடையில் மூன்றை இரண்டாக்கினார்கள். இப்போது உங்கள் டம்ளர் நிற்கிற அதே இடம் செல்லும். பொறி வைக்க வேண்டுமானால் இரண்டு பிஸ்கட்டும் சேர்ந்து முன்னேற வேண்டும். கொஞ்சம் பிசகினால் மிச்சம் சர்க்கரை டப்பா மட்டும். 1924-25-இல் முதல் டிவிஷனில் விழுந்த கோல்கள் 1,192. மறு பருவம், அதே 462 ஆட்டங்களில், 1,703.

இந்த வெட்டவெளி திறந்த நேரத்தில்தான் டீன் வந்து சேர்ந்தார். லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள பர்க்கன்ஹெட்டில் 1907-இல் பிறந்தவர். ஊர்க் கிளப்பான டிரான்மியர் ரோவர்ஸிடமிருந்து 1925 மார்ச்சில் எவர்ட்டன் அவரை 3,000 பவுண்டுக்கு வாங்கியது. அடுத்த ஆண்டே மோட்டார் சைக்கிள் விபத்து. மண்டை ஓட்டிலும் தாடையிலும் முறிவு, இனி ஆடுவது சந்தேகம் என்றார்கள். சில மாதங்களில் திரும்பி வந்து, அதே தலையால் முட்டி முட்டிக் கோல் போட்டார். சட்டம் எல்லோருக்கும்தானே மாறியது என்று கேட்கலாம். ஆமாம், மிடில்ஸ்பரோவின் ஜார்ஜ் கேம்செல் 1926-27-இல் 59 கோல் போட்டிருந்தார். அது இரண்டாம் டிவிஷன் என்பதாலும், ஒரே ஆண்டில் முறியடிக்கப்பட்டதாலும் அவர் பெயர் மங்கிவிட்டது. என்னைக் கேட்டால் அது நியாயமே இல்லை.

கேம்செலைத் தாண்ட, கடைசி இரண்டு ஆட்டங்களில் டீனுக்கு ஏழு கோல் வேண்டியிருந்தது. பர்ன்லியில் நாலு. மிச்சம் மூன்று, 1928 மே 5 அன்று, சொந்த மைதானமான குடிசன் பார்க்கில், ஆர்சனலுக்கு எதிராக. ஒன்றைத் தலையால் போட்டார், இன்னொன்று பெனால்டி. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில் சக ஆட்டக்காரர் அலெக் ட்ரூப் கார்னரிலிருந்து தூக்கிவிட்ட பந்தை மறுபடியும் தலையால் உள்ளே தள்ளினார். எதிரணியில் அன்று தன் கடைசி ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தவர் சார்லி புக்கன். புதிய சட்டம் திறந்துவிட்ட ஓட்டையை அடைக்க வழி சொன்னவரே அவர்தான். 1925 அக்டோபரில் நியூகாசிலிடம் 7-0 என்று உதை வாங்கிய பிறகு, நடுவரிசை ஆட்டக்காரரான சென்டர் ஹாஃபை இரு பேக்குகளுக்கு நடுவே மூன்றாம் காவலாக இறக்கும் யோசனையை மேனேஜர் ஹெர்பர்ட் சாப்மனோடு சேர்ந்து ஆர்சனலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். மெல்ல மெல்ல நாடு முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. டீனுக்கு அமைந்த மாதிரி ஒரு வருஷம் பின்னால் வந்தவர்களுக்கு வாய்க்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி காசு. 1922 முதல் லீக் ஆட்டக்காரரின் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்தது: பருவத்தில் வாரம் 8 பவுண்டு, கோடையில் 6. கைத்தொழில் தெரிந்த ஆளின் வாரக்கூலியைப் போல் இரண்டு மடங்கு என்பதால், கஷ்ட ஜீவனம் என்று சொல்ல முடியாது. ஆனால் 60 கோல் போட்டவருக்கும் அதே எட்டுதான். வெற்றிக்கு 2 பவுண்டும் சமனுக்கு 1 பவுண்டும் போனஸாகத் தர விதி இடம் கொடுத்தது. ஆர்சனல் கடைசியில் கோல் திருப்பி ஆட்டத்தை 3-3 ஆக்கிவிட்டதால், சரித்திரம் படைத்த அந்த மதியத்துக்குக் கணக்குப்படி 1 பவுண்டு.

இதைவிட இறுக்கமான முடிச்சு ஒன்று அப்போது இருந்தது. ஒப்பந்தம் முடிந்த பின்னும் ஆட்டக்காரரின் பதிவு கிளப்பின் கையில்தான் இருந்தது. கிளப் விடாதவரை லீக்கில் வேறெங்கும் ஆட முடியவில்லை. 1928-இல் டேவிட் ஜேக் என்ற ஆட்டக்காரரை வாங்க ஆர்சனல் 10,000 பவுண்டுக்கு மேல் கொட்டியது. அது போய்ச் சேர்ந்தது அவரை விற்ற போல்ட்டன் கிளப்புக்கு.

எவர்ட்டனோடு டீன் 1930-இல் கீழ் டிவிஷனுக்கு விழுந்தார், மறு வருஷமே மேலேறினார், 1932-இல் லீக் பட்டமும் 1933-இல் கோப்பையும் வென்றார். 1938-இல் கிளப் நிர்வாகத்தோடு மனக்கசப்பு; நாட்ஸ் கவுன்ட்டிக்குத் தள்ளிவிட்டார்கள். எவர்ட்டனுக்காக லீக்கில் மட்டும் அவர் போட்டது 349 கோல்.

பிறகு செஸ்டர் நகரில் மதுக்கடை நடத்தினார். சம்பள வரம்பு 1961-இல்தான் ஒழிந்தது; அந்த ஆண்டில்தான் அவருக்கு 54 வயது நிறைந்தது. கடையை விட்டபின் லிவர்பூலில் லிட்டில்வுட்ஸ் நிறுவனத்தில் போர்ட்டர் வேலை பார்த்தார். அது கால்பந்து முடிவுகளை முன்கூட்டிச் சொல்லும் பந்தயச் சீட்டு நடத்தி, அவர் ஆடிய காலத்திலேயே கோடீஸ்வரக் கம்பெனியாக வளர்ந்தது.